கடத்தல் என்னும் இருவினைச் சொல்

கடத்தல் என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். கட என்னும் முதனிலையோடு தல் என்ற தொழிற்பெயர் விகுதி சேர்ந்து இடையில் தகர ஒற்று மிகுந்தால் கடத்தல் ஆகும். கடத்து என்னும் முதனிலையோடு அல் விகுதி சேர்ந்து ஈற்று உகரம் கெட்டாலும் அதே கடத்தல்தான் வந்து நிற்கும். முன்னது தன்வினை, ஒருவர் தாமே ஓர் எல்லையைத் தாண்டுவது. பின்னது பிறவினை, ஒருவர் மற்றொருவரைத் தாண்டச் செய்வது. நடத்தல், கிடத்தல் என்னும் சொற்களிலும் இதே இரட்டைத் தன்மை உண்டு என்றாலும், கடத்தலில் அது ஒரு குற்றத்தின் உயிர்நிலையாகிவிட்டது. நாளிதழில் 'சிறுமி கடத்தல்' என்ற தலைப்பைக் கண்டால் நாம் தயங்காமல் பிறவினையாகவே படிக்கிறோம். ஆனால் நீதிமன்றத்தில் அந்தத் தயக்கமின்மைக்கு இடமில்லை. அந்தப் பெண் கடந்தாளா, கடத்தப்பட்டாளா என்பதைக் கண்டறியவே அங்கே சான்றுகளும் குறுக்கு வினவல்களும் நாட்கணக்கில் நீள்கின்றன. ஒரு விகுதிப் புணர்ச்சிக்குள் இவ்வளவு பெரிய வழக்கு ஒளிந்திருக்கிறது என்பதை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்தச் சொல்லின் வழியே சற்றுத் தொலைவு என்னோடு வாருங்கள்.

கட என்பது தமிழின் மிகப் பழைய வினையடிகளுள் ஒன்று. தாண்டுதல், அப்பால் செல்லுதல், மேற்படுதல், வெல்லுதல் எனப் பல பொருள் அதற்கு. கடவுள் என்ற சொல்லைக் கட, உள் எனப் பிரித்து, எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருக்கும் பொருள் என்று விளக்குவது தமிழாசிரியர் வழக்கம். கடவு என்றால் வழி. அதிலிருந்து நம் காலத்தில் கடவுச்சீட்டு பிறந்தது, கடவுச்சொல் பிறந்தது. சங்கப் பாடல்களில் வேந்தரின் படையைப் புகழும்போது 'கடந்து அடுதல்' என்றொரு தொடர் வரும். பழைய உரைகாரர் அதற்கு வஞ்சியாமல் எதிர்நின்று கொல்லுதல் என்று பொருள் கூறுவர். மறைந்து தாக்காமல் பகைவர் முகத்துக்கு நேரே நின்று மேற்செல்வதே அங்கே கடத்தல். வஞ்சனை இல்லாமையைச் சிறப்பித்துச் சொன்ன அதே அடியிலிருந்து, வஞ்சித்து அழைத்துச் செல்வதைக் குறிக்கும் சொல் பிற்காலத்தில் எழுந்தது. இடையில் என்ன நிகழ்ந்தது?

நிகழ்ந்தது பிறவினையாக்கம். கட என்பதற்குப் பழந்தமிழில் கடவுதல் என்னும் பிறவினை இருந்தது. தேரைக் கடவுவார்கள், களிற்றைக் கடவுவார்கள். செலுத்துதல் என்பது அதன் பொருள். தேருக்கும் களிற்றுக்கும் தம்போக்கில் செல்லும் உரிமை எதிர்பார்க்கப்படுவதில்லை என்பதால் கடவுதலில் குற்றத்தின் நிழல் சிறிதும் இல்லை. பிறகு வந்து நிலைத்த கடத்துதலிலும் தொடக்கத்தில் அது இல்லை. காலத்தைக் கடத்தினார்கள், நாளைக் கடத்தினார்கள். இன்றும் இயற்பியல் வகுப்பில் செம்பு வெப்பத்தைக் கடத்துகிறது, மின்சாரத்தைக் கடத்துகிறது. நற்கடத்தி, அரிதிற்கடத்தி என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். ஓரிடத்தில் இருப்பதை மற்றோரிடத்துக்குச் செலுத்துவது என்ற தூய பொருள் அங்கே பழுதில்லாமல் வாழ்கிறது.

கறை படிந்தது பொருள்களைச் சுங்கத்துக்குத் தெரியாமல் எல்லை தாண்டச் செய்தபோது. தங்கக் கடத்தல், சந்தனமரக் கடத்தல் என்னும் தொடர்களில் கடத்தல் என்பதற்குள் 'மறைவாக' என்ற அடைமொழி எழுதப்படாமலே குடியேறிவிட்டது. பொருளுக்குச் சொன்ன சொல்லை ஆளுக்கும் சொன்னோம். வானூர்திக்கும் சொன்னோம். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்சு வானூர்தி கந்தகாருக்குக் கொண்டுபோகப்பட்டபோது, எல்லா இதழ்களும் விமானக் கடத்தல் என்றே எழுதின. அடுத்த ஆண்டே, சூலை 30 இரவில், தாளவாடிப் பகுதியிலுள்ள தொட்ட காசனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் காட்டுக்குள் கொண்டுபோனான். நவம்பர் 15இல்தான் அவர் விடுபட்டார். இடைப்பட்டவை 108 நாட்கள். அந்த நாட்களில் 'சந்தனக் கடத்தல் வீரப்பனால் கடத்தப்பட்ட ராஜ்குமார்' என்று ஒரே தொடரில் இருமுறை இச்சொல்லைத் தமிழர்கள் படித்தார்கள். முதலாவது மரம், இரண்டாவது மனிதர். படித்தவர் ஒருவருக்கும் பொருள் குழம்பவில்லை. ஆங்கிலத்தில் ஸ்மக்லிங், கிட்நாப்பிங், அப்டக்ஷன், ஹைஜாக்கிங், டிராஃபிக்கிங் என்று ஐந்து தனிச் சொற்களுக்குப் பங்கிட்டதை நாம் ஒரே வினையின் தோளில் ஏற்றி, முன்னால் வரும் பெயரைக் கொண்டு வேறுபடுத்திக் கொள்கிறோம். இதைச் சொல் வறுமை என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்து குற்றங்களிலும் அடியில் இருப்பது ஒரே செயல், உரிமையில்லாதவர் எல்லை தாண்டச் செய்வது, என்று தமிழ் கண்டிருக்கிறது. ஆனாலும் ஐந்தாவதுக்கு மட்டும் ஆள்வணிகம் என்ற சொல் பொருத்தம் என்பது என் கருத்து. அதில் எல்லை தாண்டுவதைவிட விற்பதும் சுரண்டுவதுமே குற்றத்தின் உள்ளீடு.

ஆள் என்பதற்கு முன்னால் சற்று நிற்போம். ஆள் என்றால் மாந்தர். ஆள் என்றால் ஏவல் செய்பவர். ஆள் என்றால் அடிமை. வினையாக நின்றால் ஆளுதல். ஒரே அடி ஆண்டவரையும் ஆட்பட்டவரையும் தருகிறது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் இச்சொல்லின் மேல் கட்டப்பட்ட ஒரு முழு வழக்கு. புத்தூரில் மணப்பந்தலில் இருக்கும் சுந்தரரை ஒரு முதியவர் வந்து தடுத்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஆளோலை காட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழிக்கிறார். முதியவர் மூல ஓலையோடு திருவெண்ணெய்நல்லூர் அவையில் முறையிடுகிறார். அவையோர் ஓலையை ஆராய்ந்து, கையெழுத்தை ஒப்பிட்டு, முதியவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். மணப்பந்தலிலிருந்து ஒருவரைக் கொண்டுபோவதற்கும் ஆவணமும் அவையும் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கதையில் இருக்கிறது. ஆட்கொள்ளுதல் என்ற சொல் பத்தி உலகில் அருளின் பெயராயிற்று. அந்த ஆளோடு கடத்தல் சேர்ந்தால், ளகரம் டகரமாகி, ஆட்கடத்தல். வல்லினம் வல்லினத்தோடு மோதும் அந்த ட்க என்னும் ஓசை, ஆள்கடத்தல் என்று புணர்ச்சியின்றி எழுதும்போது கிடைப்பதில்லை. புணர்ச்சியோடு எழுதுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

இனி ஆங்கிலச் சொல்லையும் அவிழ்த்துப் பார்ப்போம், நம் சட்டம் அந்த மொழியில் எழுதப்பட்டது என்பதற்காக. கிட் என்றால் ஆட்டுக்குட்டி. பேச்சு வழக்கில் குழந்தை. நம்மிடமும் குட்டி என்ற சொல் விலங்கின் இளமையிலிருந்து வீட்டுப் பிள்ளைக்கு வந்திருக்கிறது. பிள்ளை என்ற சொல் மறுதலையாகப் போய் அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று எல்லா இளமையையும் தழுவிக்கொண்டது. நாப் என்பது பறித்துக்கொள்ளுதலைக் குறித்த கொச்சைச் சொல். இரண்டும் கூடிய கிட்நாப்பர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் துறைமுகத் தெருக்களில் புழங்கத் தொடங்கியது. சிறுவர்களையும் வேலையற்ற இளைஞர்களையும் பிடித்தோ ஏமாற்றியோ கப்பலேற்றி, அமெரிக்கத் தோட்டங்களில் ஒப்பந்த ஏவலராக விற்றவர்களுக்கு அந்தப் பெயர். பெயர் முந்தியது, வினை பிந்தியது. கிட்நாப்பர் என்ற தொழிற்காரர் பெயரிலிருந்தே கிட்நாப் என்ற வினையைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்டீவன்சன் 1886இல் எழுதிய 'கிட்நாப்டு' புதினத்தின் தலைவனும் இப்படி ஏமாற்றிக் கப்பலேற்றப்பட்டவன்தான்.

கிட்நாப்பர் என்ற பெயர் பிறந்த அந்த 17ஆம் நூற்றாண்டிலேயே நம் கரையிலும் கப்பல்கள் ஆட்களை ஏற்றின. பழவேற்காட்டிலிருந்தும், 1658இல் டச்சுக்காரர் கைக்கு வந்தபின் நாகப்பட்டினத்திலிருந்தும், பஞ்சத்தில் அடிபட்ட சோழமண்டலக் குடிகள் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகளாகச் சென்றார்கள். பிள்ளைபிடிக்காரன் வருகிறான் என்று குழந்தைகளை அடக்கும் நம் பாட்டிமார் வழக்கு எந்த நாளில் தோன்றியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் அமைப்பைப் பாருங்கள். பிள்ளை, பிடி, காரன் என்ற மூன்று உறுப்பும் கிட், நாப், அர் என்ற மூன்று உறுப்போடு ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யப்பட்டதாகவும் தெரியவில்லை. இரு கரைகளிலும் தாய்மார் அஞ்சியது ஒரே ஆளை என்றால் சொல்லும் ஒரே வார்ப்பில் வந்திருக்கும்.

இங்கிலாந்துப் பொதுச்சட்டம் அந்தத் தெருச்சொல்லைத் தனதாக்கிக் கொண்டபோது பொருளைக் குறுக்கியது. பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்க நூலின் நான்காம் தொகுதியில், 1769இல், ஆணையோ பெண்ணையோ குழந்தையையோ சொந்த நாட்டிலிருந்து வலிந்து அகற்றி வேறு நாட்டுக்கு அனுப்புவதையே இப்பெயரால் வரையறுக்கிறார். நாட்டெல்லை தாண்டவேண்டும்; தாண்டினால்தான் குற்றம் அந்தப் பெயரைப் பெறும். மெக்காலே தலைமையில் 1837இல் வரைவு பெற்று, 1860இல் சட்டமாகி, 1862 சனவரி முதல் நடப்புக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் 359ஆம் பிரிவில் இக்குற்றத்தை இருவகையாக்கியது. முதல் வகை, 360ஆம் பிரிவு, ஒருவரை அவர் ஒப்புதலின்றி இந்தியாவின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோவது. பிளாக்ஸ்டோனின் கப்பல் அந்தப் பிரிவிலும் மிதந்துகொண்டிருந்தது. தமிழின் கடத்தல் இதற்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். கடவுச்சீட்டு எந்த எல்லைக்கு வேண்டுமோ அந்த எல்லைக்கு அப்பால் ஒருவரைக் கொண்டுபோவது கடத்தல். இரண்டுக்கும் அடி ஒன்று.

இரண்டாம் வகையான 361ஆம் பிரிவில் எல்லை வேறு. அங்கே வேலி நாட்டைச் சுற்றி இல்லை, ஒரு குழந்தையைச் சுற்றி இருக்கிறது. உரிய வயதடையாதவரையோ மனநலம் குன்றியவரையோ, சட்டப்படியான காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், அவர் காப்பிலிருந்து கொண்டுபோவதோ மயக்கி அழைத்துப்போவதோ குற்றம். வயது முதலில் ஆணுக்கு 14, பெண்ணுக்கு 16 என்றிருந்தது. 1949இல் 16, 18 என உயர்ந்தது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு அந்த ஆண் பெண் வேறுபாட்டைக் களைந்து 18 நிரம்பாத எவரையும் குழந்தை என்றே சொல்கிறது. தண்டனை பழையபடி ஏழாண்டு வரை. குழந்தையின் ஒப்புதல் இதில் கணக்கில் வருவதில்லை. நானே விரும்பித்தான் வந்தேன் என்று அது சொன்னாலும், கேட்கப்பட வேண்டியவர் காப்பாளர். பழைய சட்டத்தின் அடுத்த பிரிவு, 362, வேறொன்றைச் சொன்னது. எந்த வயதினரையும் வலிமையால் நெருக்கியோ வஞ்சனையால் இணங்கவைத்தோ ஓரிடத்திலிருந்து போகச்செய்வது. இலத்தீனில் விலக்கி நடத்துதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆங்கிலம் இதற்குப் பெயர் வைத்தது. இது தனியே நின்றால் தண்டனைக்கு உரியதாகாது என்பது சட்டம் படிக்காத பலருக்கு வியப்பாயிருக்கும். கொலை, கட்டாய மணம், அடைத்துவைத்தல் போன்ற ஒரு நோக்கம் கூடினால்தான் தண்டனைப் பிரிவு வந்து பற்றும். பணம் கேட்டு மிரட்டும் கொடுமைக்குத் தனியே 364அ என்ற பிரிவை 1993இல்தான் சேர்த்தார்கள். அதற்குத் தூக்கு அல்லது வாழ்நாள் சிறை.

கிட்நாப்பிங், அப்டக்ஷன் என்னும் இவ்விரு குற்றங்களுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் தேடியவர்களுள் சிலர் முன்னதை ஆட்கவர்தல் என்றும் பின்னதைக் கடத்தல் என்றும் வகுத்தார்கள். கவர்தல் என்ற அந்தத் தேர்வை நான் பெரிதும் போற்றுகிறேன். காரணம், 361ஆம் பிரிவின் உயிரான இரு வினைகள், கொண்டுபோவதும் மயக்கி அழைப்பதும், ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்களாக, நடுவே ஓர் 'அல்லது' போட்டு நிற்கின்றன. தமிழில் கவர் என்ற ஒன்றே இரண்டும். ஆநிரையைக் கவர்ந்தார்கள் என்றால் வலிமை. மனத்தைக் கவர்ந்தாள் என்றால் ஈர்ப்பு. கவடு, கவட்டை, கவர்வழி என்று இரண்டாகப் பிரிவதைக் குறிக்கும் சொற்களும் இவ்வொலிக்கு அண்டையில் நிற்கின்றன. குசராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் மயக்கி அழைத்தல் என்பதை விளக்கும்போது, மற்றவர் உள்ளத்தில் நம்பிக்கையையோ ஆசையையோ எழுப்பித் தூண்டுவது என்றது. அது ஒரு கணத்தில் நிகழவேண்டியதில்லை, சிறுகச்சிறுகப் பரிசுகளாலும் பரிவாலும் விளையலாம் என்றும் கொண்டது. நம் ஊர்ச் செய்தியாளர்கள் இதற்கு என்றோ ஒரு தொடரைக் கண்டுவிட்டார்கள்: ஆசை வார்த்தை கூறி.

கவர்தலுக்கு முன்னும் பின்னும் பழந்தமிழில் கொள் என்ற வினை நிற்கிறது. பகைவர் ஆநிரையைக் கொள்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை என்று புறப்பொருள் வெண்பாமாலை இரு திணையாக்க, தொல்காப்பியம் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே அடக்குகிறது. செங்கம் பகுதி நடுகற்களில் தொறுக் கொண்டவர்களும் தொறு மீட்டுப் பட்டவர்களும் ஊர்பேரோடு நிற்கிறார்கள். தொறு என்றால் மாட்டுமந்தை. கொள்ளப்பட்டது கொண்டி. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொணர்ந்த பெண்கள் என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கை. அம்பலத்தில் மாலை விளக்கேற்றுவது அவர்கள் பணி. மதுரைக்காஞ்சியில் அதே தொடர் பொருள் கொள்ளும் பரத்தையரைக் குறிக்கிறது. கொள்ளப்பட்டவளும் கொள்பவளும் ஒரே தொடரில்! பின்னாளில் கொண்டி மாடு என்றால் பிறர் வெள்ளாமையில் மேயும் கட்டுப்படாத மாடு என்றாகி, அதைப் பிடித்து அடைக்கும் தொழுவுக்குக் கொண்டித்தொழு என்று பெயர் வந்தது. வேந்தர் போரிலிருந்து ஊர்க்கோடித் தொழுவரைக்கும் இறங்கிய சொல் அது.

இந்தக் கொள் அகத்திணையில் நுழையும் இடம் நம் கதைக்கு மிக முதன்மையானது. பெற்றோர் அறியாமல் தலைவியைத் தலைவன் அழைத்துக்கொண்டு சுரம் கடந்து செல்வதைத் தொல்காப்பியர் கொண்டுதலைக்கழிதல் என்கிறார். கொண்டு என்ற வினையெச்சத்தின் எழுவாய் தலைவன். அவன் கொண்டான், அவள் கொள்ளப்பட்டாள். பிற்கால அகப்பொருள் நூல்களில் இதே நிகழ்ச்சிக்கு உடன்போக்கு என்ற பெயர் ஓங்கியது. உடன்போக்கின் எழுவாய் தலைவி. அவள் போனாள், அவனோடு. ஒரே சுரம், ஒரே நண்பகல், ஒரே இருவர். பெயரை மாற்றினால் செய்தவர் மாறிவிடுகிறார். தொல்காப்பியக் கற்பியலோ இன்னும் ஒருபடி மேலே போய், அவள் கூடி உடன்சென்றவிடத்துக் கொடுப்போர் இல்லாமலும் மணச்சடங்கு உண்டு என்று ஏற்கிறது. கொடுப்போர் என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைய சட்டத்தின் காப்பாளருக்குப் பண்டைய பெயர் அது. செவிலித்தாய் தேடிப்போகும் பாடல்களில் வழியில் எதிர்ப்படுவோர் இப்படிப் போனதை அறத்தின் வழி என்று அவளைத் தேற்றுவதும் உண்டு. இதோடு வலிந்து தூக்கிச் செல்வதை நம் இலக்கணிகள் குழப்பவில்லை. வடநூல் வழிவந்த எண்வகை மணத்துள் பெண்ணையும் சுற்றத்தையும் பொருட்படுத்தாமல் வலிமையால் கொள்ளும் இராக்கதத்தை இளம்பூரணர் போன்றோர் கைக்கிளைக்குள் ஒதுக்கினார்கள். அன்பின் ஐந்திணையில் அதற்கு இடமில்லை. இராவணன் செய்ததற்குச் சிறையெடுத்தல் என்று தனிச் சொல்லே வைத்தோம். கம்பர் அவனைச் சீதையைத் தீண்டவிடாமல் குடிலோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துப் போகச் செய்தாலும் அந்தப் பெயர் மாறவில்லை.

கொண்டுதலைக்கழிதலா உடன்போக்கா என்னும் இந்தப் பழைய வினா 1964 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது என்றால் மிகையில்லை. வழக்கு சென்னையிலிருந்து போனது. பதினெட்டு நிரம்பச் சில வாரங்களே இருந்த ஒரு கல்லூரி மாணவி, தந்தை தன்னை உறவினர் வீட்டில் கொண்டுவிட்ட மறுநாளே, தான் விரும்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு தெருவைக் குறிப்பிட்டு, அங்கே போனாள். அவரும் அங்கே வந்திருந்தார். இருவரும் பதிவு அலுவலகம் சென்றார்கள், பிறகு ஊர் ஊராகப் பயணம் செய்தார்கள். தஞ்சாவூரில் காவல்துறை கண்டுபிடித்தது. கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, சென்னை உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவளுடைய ஒப்புதலைக் கணக்கில் எடுத்து விடுவிக்கவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் நுட்பம். வயதடையாதவர் ஒப்புதலுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதில் நீதிபதிகளுக்கு மறுப்பில்லை. அவர்கள் நின்றது வினையின் மேல். கொண்டுபோதல் வேறு, ஒருவர் உடன்வர இடங்கொடுத்தல் வேறு என்றார்கள். அவள் வீட்டைவிட்டு வெளியேறும் எண்ணத்தை உருவாக்குவதில் அவருக்குப் பங்கு இருந்ததா, அவர் ஏதேனும் தூண்டினாரா, அதுவே காணவேண்டியது. தான் செய்வது என்னவென்று அறியும் முதிர்ச்சியுள்ள பெண் தானே கிளம்பி வந்தபின், அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விடாதது கொண்டுபோனதாகாது என்றார்கள். தமிழில் இதைச் சொல்ல நமக்கு இரண்டே வினை போதும். அவள் கடந்தாள், அவர் கடத்தவில்லை. கட என்பதற்குப் பின்னால் வந்து ஒட்டும் து என்ற ஒற்றை விகுதி மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை. 2012இல் வந்த போக்சோ சட்டத்துக்குப் பிறகு இத்தகைய வழக்குகளில் வேறு பிரிவுகளும் வந்து சேர்கின்றன. ஆனாலும் கடத்தல் பிரிவைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் இன்னும் எடுத்துக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊர்ப்பேச்சு எப்போதும் தன்வினையில்தான் தொடங்குகிறது. அந்த வீட்டுப் பெண் ஓடிப்போயிட்டா என்பார்கள். தாயும் முதல் அழுகையில் போயிட்டாளே என்றுதான் சொல்லி அழுவாள். காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதும்போது, அதே நிகழ்ச்சி 'என் மகளிடம் ஆசை வார்த்தை கூறிக் கடத்திச் சென்றுவிட்டார்' என்று பிறவினையாகிறது. சில நாளில் கண்டுபிடித்தால் 'இளம்பெண் மீட்பு' என்று செய்தி வரும். மீள் என்பதன் பிறவினை அது. திரும்பிவர மனமில்லாதவளையும் செய்தி மீட்டுவிடுகிறது. பெண் தானே நடந்து வந்த தெருவில் அவளுக்கு ஒரு வினைமுற்றும் மிஞ்சாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது. மறுபுறம், மெய்யாகவே ஏமாற்றி அழைத்துப் போகப்பட்ட குழந்தையை 'அவளே போய்விட்டாள்' என்று எழுதி முடித்துவிடும் அலட்சியம் அதைவிடப் பன்மடங்கு கொடியது. எந்த வினையை எழுதுவது என்று தயங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் எழுதினால் இரண்டில் ஒரு தீங்கு நேரும்.

அந்தத் தயக்கத்துக்குத் தீர்வுகாணும் இடத்துக்குத் தமிழ் ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறது: ஆட்கொணர்வு மனு. உடலை உம்மிடம் கொண்டிருப்பீராக என்று பொருள்படும் இலத்தீன் தொடர் ஒன்றுக்கு, ஆள், கொணர்வு என்னும் இரண்டு எளிய சொற்களைப் புணர்த்தி நம்மவர் ஆக்கிய பெயர் இது. கொணர் என்பது கொண்டுவர் என்பதன் செறிந்த வடிவம். ஆக, வெட்சிப் பூவிலிருந்து நாம் பின்தொடர்ந்த அதே கொள் இங்கே நீதிபதியின் ஆணையாக வந்து நிற்கிறது. ஆட்கடத்தலும் ஆட்கொணர்வும் ஒரே புணர்ச்சியில் ஒரே ட்க ஒலியோடு எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ஒன்று அப்பால் கொண்டுபோகிறது, மற்றொன்று அவைக்குக் கொண்டுவருகிறது. அரசமைப்பின் 32, 226ஆம் உறுப்புகளின்கீழ் இந்த மனு வந்தால், ஆளை நேரில் நிறுத்தவேண்டும். நிறுத்தியபின் நீதிபதி அந்த ஆளிடமே கேட்கலாம், நீ எங்கே போக விரும்புகிறாய் என்று. போ என்ற தன்வினை அங்கேதான் அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சொல் போராட்டம் ஈழத்தில் நடந்தது, நடந்துகொண்டும் இருக்கிறது. இங்கே நான் சொன்ன வழக்குகளில் தன்வினையைப் பிறவினையாக்குவது தீங்காக முடிந்தது. அங்கே பிறவினையைத் தன்வினையாக்கிவிட்டார்கள். போர்க்காலத்திலும் அதன் பின்னும் வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்களையும், கையளிக்கப்பட்டபின் திரும்பாதவர்களையும் காணாமல் போனோர் என்று அரசுத் தாள்கள் குறித்தன. போ என்பது தன்வினை. போனவர் தாமே போனார், காணாமல் போனார். போகச் செய்தவர் என்று எவரும் அந்தத் தொடரில் இல்லை. பிள்ளைகளைத் தேடிய தாய்மார் அந்தச் சொல்லை ஏற்க மறுத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் என்றார்கள். ஆ என்பதன் பிறவினை ஆக்கு. அதன் செயப்பாட்டுவினை ஆக்கப்படு. செய்தவர் பெயர் சொல்லப்படாவிட்டாலும் செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அந்த விகுதி சாட்சி சொல்கிறது. அதற்கு முன்னால் வலிந்து என்ற வினையெச்சத்தையும் சேர்த்தார்கள். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற உடன்படிக்கையின் பெயர் தமிழில் இப்படித்தான் வழங்குகிறது. கைதோ தடுப்போ கடத்தலோ அரசின் ஆட்களால் நிகழ்ந்து, பிறகு அது மறுக்கப்படுவது என்பது அவ்வுடன்படிக்கை தரும் வரையறை. இலக்கணம் கற்பிக்க யாரும் இல்லாமலே அந்தத் தாய்மார் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்னும் மூன்றின் வேறுபாட்டையும் தம் வழக்குக்கு ஆதாரமாக்கினார்கள். ஒரு மொழியின் வினையமைப்பு மக்கள் கையில் இவ்வளவு கூர்மையாக நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2016இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த நிறுவனத்தின் தமிழ்ப்பெயர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். 2017இன் தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்த உறவினர்கள் தங்கள் பதாகைகளில் எழுதியது வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் என்று. 2018இல் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கும் தனிச் சட்டமும் அந்நாட்டில் வந்தது. ஆகவே இன்று அங்கே ஒரு சட்டம் ஆக்கப்பட்டோர் என்ற வினையையும், ஓர் அலுவலகத்தின் பெயர்ப்பலகை போன என்ற வினையையும் தாங்கி நிற்கின்றன.